ஏழே முக்கால் வகுப்பு

இவள் என்னைப் பழிவாங்குகிறாள்.

ஏழு வயதுக் குழந்தையைப் பற்றி நான் இப்படி நினைத்தேன் என்று சொன்னால் எங்கள் பள்ளியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அங்கே பொறுமைசாலி என்று பெயர். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்று, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இரண்டு கைகளையும் மேசைமேல் சமமாக வைத்து உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குள் ஓடியது அதுதான். வாயைத் திறந்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? அப்படி நான் இவளுக்கு என்ன செய்துவிட்டேன்?

பள்ளி திறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் இரண்டாம் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். முப்பத்து மூன்று பேரை வாயை மூடச் சொல்லியே என் தொண்டை போய்விடும். இவள் மட்டும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. என்னிடம் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் இல்லை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலும் விரலைத்தான் உயர்த்துவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் பிழை வராது. எதைக் கேட்டாலும் என் கழுத்துக்குக் கீழே, சட்டைப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், பார்வையை நிறுத்திக்கொண்டு நிற்பாள். ஆசிரியர் அறையில் அவளுக்குக் 'கல்லுளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் அப்படிச் சொன்னது நான்தானோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டியபோதுதான் விஷயம் வினையானது.

"இரண்டாம் வகுப்பு முடியறதுக்குள்ள ஒவ்வொரு குழந்தையும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும். ரெண்டு ஆசிரியர் காதால கேட்டுக் கையெழுத்துப் போடணும். இதோ பாருங்க, எல்லாக் கட்டமும் நிறைஞ்சிருக்கு. இவளோடது காலி."

"எழுதிக் காட்டுவா மேடம்."

"எழுதறதுக்கு வேற கட்டம் இருக்கும்மா. இது காலியாப் போனா, இந்தக் குழந்தைக்குக் குறை இருக்குன்னு முடிவு பண்ணி ஊர்க்கோடியில இருக்கிற சிறப்புப் பள்ளிக்கு மாத்திடுவாங்க. அங்க போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. உங்களுக்கு அஞ்சு வாரம் இருக்கு."

அன்றைக்கே அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண். கண்ணைச் சோதித்து, சட்டத்தைப் பொருத்திக் கொடுப்பவள். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்று விரல்களிலேயே இருந்தது. கையிலிருந்ததை மறந்தே வந்திருக்கிறாள். தலைகுனிந்து வருவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத் தண்ணீர் டம்ளரை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"பேச மாட்டாளா? வீட்ல அவ வாயை மூடினா அன்னைக்கு எங்களுக்கு விடுமுறை மிஸ்," என்றாள். "அவங்கப்பா லாரில ஒரு வாரம் போயிட்டு வருவார். வந்த அன்னைக்கே, எப்ப அடுத்த லோடுன்னு கேப்பார்."

நான் சிரித்தேன். நம்பவில்லை. பெற்ற மனம் மறைக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

"நம்பல இல்ல?" என்றாள், கோபமே இல்லாமல். "பரவாயில்ல. எங்க கடையில எழுத்துப் பலகை முன்னாடி உக்கார வெச்சா, மீசையை முறுக்கிட்டு வந்த ஆளுங்களே பயந்துடுவாங்க மிஸ். தெரியலன்னு சொல்ல வெக்கம். ஊகிச்சு எதையாவது சொல்லிடுவாங்க. நான் பக்கத்துலயே நிக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளிப் போயி, ஏதோ துடைக்கிற மாதிரி முதுகைக் காட்டிட்டு இருப்பேன். அப்புறம்தான் நிஜத்தைச் சொல்வாங்க."

யோசனை அவளுடையதுதான். காலையில் யாரும் வராத நேரத்தில், ஏழே முக்காலுக்கு, அவளும் மகளும் மட்டும் என் வகுப்பறையில் இருப்பார்கள். மகள் வீட்டில் பேசுவதுபோல அங்கே பேசுவாள். நான் வராந்தாவின் அந்தக் கோடியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சில அடி கிட்டே வர வேண்டும். பேச்சு நின்றுவிட்டால், ஒன்றும் சொல்லாமல், வந்த வழியே இரண்டு அடி பின்னால் போய்விட வேண்டும். எட்டரைக்கு அவள் கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

கண்ணாடிக் கடைக்காரி எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று ஒரு முள் குத்தியது. ஆனாலும் என்னிடம் இதைவிட நல்ல யோசனை எதுவும் இருக்கவில்லை.

காலை நேரத்தில் எனக்குக் கேட்டில் நிற்கிற வேலை உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கணக்கு சாரிடம்தான் கேட்க முடியும். என் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவரும் அவர்தான்.

"அஞ்சு வாரமா? டீச்சர், நான் எழுந்திருக்கிறதே அந்த நேரத்துலதான்."

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்வாங்க சார்."

"அது கல்லுளிக்கு. எனக்குத் தேயப்போறது செருப்பு," என்றார். ஆனால் மறுநாள் காலையில் தலையைக்கூடச் சரியாக வாராமல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கூட்டிப் பெருக்குகிற அக்கா, அந்த வராந்தாவைக் கடைசியில் பெருக்கிக்கொள்வதாகச் சொன்னாள். தலைமை ஆசிரியை, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீங்க பாருங்க," என்றார். அவர் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம்.

முதல் இரண்டு நாளும் வராந்தாக் கோடியில், தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அவள் பாட்டுக்குத் தன் கடைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், அம்மா எதையோ தவறாகச் சொல்ல, "ஐயோ, அது அப்படி இல்ல!" என்று இன்னொரு குரல் எழுந்தது.

நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த முகத்துக்கு ஒரு குரலை நான் என்னை அறியாமலே செய்து வைத்திருந்திருக்கிறேன் போலும்: மெல்லிய, தயங்குகிற, உடைந்துவிடுகிற குரல். இது அது இல்லை. கனமான குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதிகாரம். சந்தையில் நாலு பேரை வேலை வாங்குகிறவளின் குரல். ஏழு மாதமாகத் தினமும் ஆறு மணி நேரம், என்னிடமிருந்து பத்தடி தூரத்தில், இந்தக் குரல் இருந்திருக்கிறது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் கடல் இருந்ததை இத்தனை நாள் தெரியாமல் குடியிருந்ததுபோல.

இரண்டாவது வாரம் புத்தக அலமாரி வரைக்கும் வந்துவிட்டேன். வகுப்பறை வாசலிலிருந்து எட்டு அடி. அங்கிருந்துதான் அவர்கள் விளையாடுவது புரிந்தது. பள்ளிக்கூட விளையாட்டு. மகள் ஆசிரியை, அம்மா மாணவி. அம்மா ஒருத்தி போதவில்லை என்பதால், மற்ற பிள்ளைகளையும் மகளே நடித்துக்கொண்டாள்.

எப்படி நடித்தாள்! எப்போதும் கோள் சொல்கிறவன் மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் "மிஸ், இவன்..." என்று ஆரம்பிப்பான், அந்த உறிஞ்சல்கூட இருந்தது. பென்சிலைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறவள் கடைசிச் சொல்லை மேலே தூக்குவாள், தூக்கினாள். கணக்கு சார் விடை தெரியாதபோது செருமுகிற விதம் ஒன்று, தெரிந்தபோது செருமுகிற விதம் ஒன்று என்று அவள் செருமிக் காட்டித்தான் நானே அறிந்தேன்.

அப்புறம் நான் வந்தேன்.

சாக்பீஸால் மேசையில் இரண்டு தட்டு. "சரி, சரி, சரி," மூன்றும் படிப்படியாக இறங்கி. நான் அப்படிச் சொல்வது எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு. நான் பெருமூச்சு விடுவது எனக்குத் தெரியாது. பிறகு எண்களைக் கூப்பிட்டாள். பதினான்கு, பதினைந்து, பதினாறு. அடுத்து ஒரு நொடி மௌனம். பேனா தாளில் கீறுகிற ஒலியை நாக்கால் செய்தாள். பதினெட்டு.

அவளுடைய எண் பதினேழு.

"டீச்சர் டீச்சர், பதினேழைக் கூப்பிடல," என்றாள் அம்மா, மாணவியின் குரலில்.

"கூப்பிட வேணாம். டிக் போட்டாச்சு."

"பாவம் இல்ல அவ? வந்திருக்கேன்னு சொல்ல மாட்டாளா?"

"சொல்லுவா," என்றாள் மகள், இப்போது சொந்தக் குரலில். "வாய்க்குள்ள சொல்லுவா. மிஸ்ஸுக்குக் கேக்காது."

"ஏன் கேக்காது?"

"மிஸ் நிக்க மாட்டாங்கல்ல. பதினெட்டுக்குப் போயிடுவாங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு பத்தொன்பதைக் கூப்பிட்டாள்.

நான் ஆசிரியைகளின் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவளைக் கூப்பிடாமல் குறியிடுவதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் அவளைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். ஓடுகிற தண்ணீருக்கு முன்னால் நின்று யோசித்தபோது உண்மை வேறாக இருந்தது. என் குரலுக்குப் பதில் வராமல் இருப்பதை முப்பத்து மூன்று பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று நான்தான் சங்கடப்பட்டிருக்கிறேன். அவளைத் தாண்டிப் போனதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஏழு வயதுக் குழந்தை அந்த ஒரு நொடியை எடுத்து, பேனாவின் கீறலோடு, பத்திரமாக வைத்திருக்கிறாள். என்னை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. என்னோடு இருபது வருடம் குடித்தனம் நடத்துகிறவரும் இல்லை.

அன்றைக்கு வகுப்பில் "பதினேழு" என்றேன். நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் சில பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். மின்விசிறியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவளுடைய பார்வை அந்தப் பொத்தான் இடத்திலிருந்து மெல்ல ஏறி, மோவாயில் நின்றது. உதடுகள் அசைந்தன. ஒலி வரவில்லை, காற்றும் வந்ததா தெரியாது. ஆனால் அது வெறும் அசைவல்ல, ஒரு சொல். தொடக்கமும் முடிவும் இருந்தது. "சரி," என்றேன், ஒரே ஒரு தடவை. பிறகு பதினெட்டு.

மூன்றாவது வாரத்தில் ஒரு விபத்து. கேட் சாவியைத் தருவதற்காகக் கணக்கு சார் மறந்துபோய் வராந்தாவில் நேரே நடந்து வந்துவிட்டார். உள்ளே பேச்சு வெட்டியதுபோல நின்றது. அடுத்த நான்கு நாள் ஒரு சொல்லும் இல்லை. நான் மறுபடி குழாய்களுக்குப் போய் நின்றேன்.

"அடி எண்ணுவா மிஸ்," என்றாள் அம்மா, போகிற வழியில் தாழ்ந்த குரலில். "எது யார் செருப்புன்னு அவளுக்குத் தெரியும். நீங்க எந்த எடத்துல நிக்கறீங்கன்னும் தெரியும். போன வாரம் வீட்ல சொன்னா, மிஸ் இன்னும் அலமாரி தாண்டலன்னு."

"தெரிஞ்சேதான் பேசினாளா?"

"பின்ன? அவளுக்குத் தெரியாம நீங்க கிட்ட வந்துட முடியுமா?"

சார் மறுநாள் இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலில், திருடனைப்போல ஆசிரியர் அறைக்குள் வந்தார். "இனிமே இப்படித்தான் டீச்சர். வீட்ல என் பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு பயந்ததில்ல."

ஐந்தாம் நாள் பேச்சு திரும்பியது, நானும் மறுபடி அடி அடியாகக் கிட்டே வந்தேன். ஐந்தாவது வாரம் நான் வகுப்பறைக்குள் இருந்தேன். கடைசி பெஞ்சில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே நுழைந்த காலை அவள் பேச்சு நின்றது. ஒட்டுவதை நிறுத்தாமல் காத்திருந்தேன். ஒரு நிமிடம். பிறகு பாதிக் குரலில் தொடர்ந்தாள். மறுநாள் முக்கால் குரல்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு எட்டாம் பாடத்தை வாசித்துக் காட்டினாள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஆமையிடம் தவளை புலம்புகிற சின்னக் கதை. எட்டு வருடமாக நான் அதை நடத்துகிறேன். கேள்வி பதிலோடு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அவள் அவசரப்படவில்லை. 'இரவெல்லாம் மழை பெய்தது' என்ற வரியை வாசித்துவிட்டு நிறுத்தினாள். மழை பெய்ய இடம் விடுவதுபோல நிறுத்தினாள். பிறகுதான் தவளையைப் பேசவிட்டாள். என் விரல்களில் பசை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வரியில் மழை இருந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. திரும்பிப் பார்க்க என் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த கடவுள் யாராவது அந்த அறையில் வந்து நின்றிருந்தாலும் நான் அப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, உட்கார்ந்திருப்பேன்.

மாலையில் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். கணக்கு சார் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். படிவம் மேசைமேல் இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் இது போயாகணும். படிக்கிறாளா?"

"படிக்கிறா மேடம். என்னைவிட நல்லாப் படிக்கிறா."

"உங்க காது ஒண்ணு. ரெண்டாவது காது வேணும்."

"சார் வரட்டும். நான் வந்த மாதிரியே குழாயிலேர்ந்து ஆரம்பிச்சு வரட்டும். மூணு வாரம் போதும்."

"மூணு வாரம் நம்மகிட்ட இல்லியே." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் முகத்திலும் தூக்கம் இல்லை. அதை நான் கவனித்தேன். "நான் ஒரு வழி சொல்றேன். நாளைக்குக் காலையில நானும் சாரும் வராந்தாவுல அந்த அலமாரி மறைவுல வந்து நிக்கிறோம், செருப்பில்லாம. அவ வர்றதுக்கு முன்னாடியே வந்துடுவோம், காலடியே கேக்காது. நீங்க உள்ள இருந்து அந்த வராந்தா ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வெச்சாப் போதும். அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுப் போயிடுவோம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

நான் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தேன்.

"அவங்க அம்மாகிட்ட போன்ல கேட்டேன். மிஸ் எது சொல்றாங்களோ அதான்னுட்டாங்க."

அப்படியானால் எல்லாம் என் தலையில்தான் வந்து நிற்கிறது. ஒரு விரல் அளவு. அதற்கு இந்தப் பக்கம் அவளுடைய மூன்றாவது பெஞ்சு, கோள் சொல்கிறவன், பென்சில் தொலைக்கிறவள், எல்லோரும். அந்தப் பக்கம் ஊர்க்கோடியில் ஒரு கட்டடம். அவளுக்குத் தெரியாது என்பதும் உண்மையாகவே இருக்கலாம். இவர்கள் இருவரும் கல்லைப்போல நிற்கக்கூடியவர்கள்தான்.

சரி என்று சொல்லிவிட வாயெடுத்தேன். எடுத்தபோதுதான் அந்த ஐந்து வாரமும் எனக்குச் சரியாகப் புரிந்தது. நான் அவளை ஒட்டுக்கேட்கவில்லை. ஒரு நாளும் ஒட்டுக்கேட்டதில்லை. குழாயில் நின்றபோது குழாயில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அலமாரியில் நின்றபோது அலமாரியில். என் நடிப்பைக்கூட, நான் எட்டு அடியில் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் நடித்திருக்கிறாள். மிஸ் நிற்க மாட்டார் என்பதை எனக்குத்தான் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு அடியும் அவள் கொடுத்தது. இத்தனை பெரிய ஒன்றை, இத்தனை சின்னக் கை, அடி அடியாக அளந்து கொடுத்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான். இன்னொருவருக்கு அதை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

"நான் கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன் மேடம்," என்றேன். "என்ன பாடம், என்ன தேதி, எப்படிப் படிச்சா, எல்லாம். ரெண்டாவது ஆள் கேக்க மூணு வாரம் வேணும்னும் எழுதறேன். கூடவே வெச்சு அனுப்புங்க."

"அவங்க கட்டத்தைத்தான் பாப்பாங்க. கடுதாசியெல்லாம் யாரு படிக்கிறா?"

"படிக்கலன்னா நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

"சொல்லி? நடக்கலன்னா?" அவர் குரல் தணிந்தது. "பிடிவாதம் பிடிச்சு அந்தக் குழந்தையை அனுப்பி வெச்சுட்டு, அப்புறம் அவ முகத்தை எப்படிப் பாப்பீங்க?"

"தெரியல மேடம்."

உண்மையாகவே தெரியவில்லை. சார் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விரல்தானேம்மா கேக்கறேன்," என்றார் தலைமை ஆசிரியை.

"இல்ல மேடம்," என்றேன். "நாளைக்கு அந்த ஜன்னல் சாத்தித்தான் இருக்கும்."